முள் சொன்ன அறுபது, செல் சொன்ன ஐம்பத்தைந்து

மந்திக்குளத்துக்காரர்களுக்கு அறிவே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்த ஒரு படி அறிவை ஊர் முழுக்கச் சமமாகப் பங்கு போட்டதில் ஆளுக்கு ஒரு சிட்டிகைதான் தேறியது, அவ்வளவுதான். செவந்தியப்பனுக்கு அந்தச் சிட்டிகையோடு சர்க்கார் உத்தியோகமும் கிடைத்திருந்தது. அதனால் முப்பத்துநாலு வயதில், ஐந்தாவது இடத்தில், ஒருவழியாகப் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள். முதல் நாலு இடத்துக்காரர்கள் அவனோடு பத்து நிமிஷம் பேசிப் பார்த்தவர்கள். ஐந்தாவது ஆள் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தார்.

கல்யாணம் பெண் ஊரில். அறுபது கிலோமீட்டர். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். தாலி செவந்தியப்பன் மடியில். இதுவும் தவறினால் ஆறாவது இடம் கிடையாது என்பது அவனுக்கே தெரியும். மாமனார் சங்கிலிமுத்து முதல் நாளே போன் போட்டு, "மாப்ள, வண்டி வேகம் அறுபதுலயே வாங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு ஆட்களோடு வேன் கிளம்பியது. தாய்மாமன் ஆண்டிக்காளை முன்சீட்டில் உட்கார்ந்து மீட்டர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள் அறுபதில் நின்றது. பாதி வழியில் செவந்தியப்பன் வழி பார்க்கச் செல்போனைத் திறந்தான். ஓரத்தில் வேகமும் தெரிந்தது. ஐம்பத்தைந்து.

அவன் செல்லை டிரைவர் முகத்துக்கு நேரே நீட்டினான். மாமனார் சொல்லை மீறியல்லவா வந்துகொண்டிருக்கிறோம். டிரைவர் மொக்கராசு அழுத்தினான். செல் அறுபதுக்கு வந்தது, முள் அறுபத்தைந்துக்குப் போனது. குறைத்தால் முள் சரியானது, செல் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. வேனை ஓரங்கட்டி, துண்டை விரித்து, எல்லாரும் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள்.

மீட்டர் பொய் சொல்லாது, அது இந்த வண்டியிலேயே பிறந்தது என்றான் மொக்கராசு.

"அதான் கோளாறே," என்றார் ஆண்டிக்காளை. "தன் பிள்ளை ஓட்டத்தைத் தாயே சொன்னா, ரெண்டு கூட்டித்தான் சொல்லுவா."

"அப்ப செல்லு நெசம் சொல்லுதா மாமா?" என்றான் செவந்தியப்பன்.

"அது வானத்துல இருக்கிற சேட்டிலைட்டக் கேட்டுச் சொல்லுது. அம்புட்டு உசரத்துலருந்து பாத்தா எருமையே எலியாட்டம் தெரியும். நம்ம வேகம் மட்டும் சின்னதாத் தெரியாதா?"

மந்திக்குளத்தில் இவ்வளவு ஆழமாக யாரும் பேசிக் கேட்டதில்லை. பிறகு ஒருத்தர், காணாமல் போன அஞ்சும் வழியில் எங்கோ ஒழுகுகிறது என்றார். நாலு பேர் வேனுக்கு அடியில் படுத்துத் தேடினார்கள். பட்டு வேட்டியில் மசகு ஒட்டியதுதான் மிச்சம்.

ரெண்டு சாட்சி ஒத்துச் சொன்னால்தான் மந்திக்குளத்தில் தீர்ப்பு. ஆகவே முள்ளும் செல்லும் ஒரே கணக்கைச் சொல்லும் வேகத்தில்தான் போக வேண்டும் என்று ஆண்டிக்காளை முடிவு சொன்னார். மொக்கராசு ஓட்டிப் பார்த்தான். நாற்பதில் ஒத்துவரவில்லை. இருபதில் ஒத்துவரவில்லை. அலுத்துப்போய் நிறுத்தினான். முள் சைபர் காட்டியது. செல்லும் சைபர் காட்டியது.

பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாரும் ஏறி, கதவைச் சாத்தி, சைபர் வேகத்தில் கல்யாணத்துக்குப் பயணமானார்கள். ஒருத்தி குமட்டுகிறது என்று ஜன்னலோரம் மாறிக்கொண்டாள்.

வெளியே ஒரு புளியமரம் கூடவே வந்தது. செவந்தியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதேமுக்காலுக்கு மடியைத் தடவியபடி, எப்போது போய்ச் சேருவோம் என்று மெதுவாகக் கேட்டான். சாட்சி ஒத்துப்போன பிறகு அவசரப்படக் கூடாது என்று மாமன் அடக்கினார்.

அப்போது சங்கிலிமுத்து கூப்பிட்டார். செவந்தியப்பன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். மாமனார் எந்த இடம் என்று மட்டும் கேட்டார். இருந்த இடத்தை விட்டு அசையாதீர்கள் என்றார். அதை மட்டும் அவர்கள் சுத்தமாகச் செய்தார்கள்.

பத்தே காலுக்கு ஒரு மினி லாரி வந்து நின்றது. பெண், ஐயர், மேளக்காரர், பின்னால் பல்லைக் கடித்தபடி சங்கிலிமுத்து. பெண் பொன்னுருவி மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள். "அப்பா, ஆபீஸ்ல இவரு என்னதான் வேல பாக்கறாரு?" என்றாள். பேசாமல் கழுத்தை நீட்டு என்றார் அப்பா. பத்து இருபத்தைந்துக்குப் புளியமரத்தடியில் தாலி ஏறியது.

ஆண்டிக்காளை கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார்.

"நல்லவேள மருமகனே, சைபர்ல வந்தோம். அறுபதுல போயிருந்தா இந்நேரம் முப்பது கிலோமீட்டர் தாண்டிப் போயிருப்போம். கல்யாணம் இங்க நடந்திருக்கும், நீ இருந்திருக்க மாட்ட."