ஏரிக் குறிப்பு எழுதிய ஆமை

கருங்காலிக் காட்டின் நடுவே குவளை ஏரி இருந்தது. அந்த ஏரியில் ஓடம்மாள் என்றொரு ஆமை வாழ்ந்தது. அணில், எலி, ஓணான் போன்ற சின்ன உயிர்களை முதுகில் ஏற்றி அக்கரையில் கொண்டுபோய் விடுவதுதான் அதன் தொழில். அக்கரையில் நாவல் மரங்கள் அதிகம். திரும்பி வரும்போது அவை ஆளுக்கொரு பழம் கொடுக்கும். ஓடம்மாளின் வயிறு நிறைந்துவிடும்.

காட்டில் எல்லோரிடமும் கைபேசி வந்துவிட்ட காலம் அது. ஓடம்மாளிடமும் ஒன்று இருந்தது. அதில் ‘ஏரிக் குறிப்பு’ என்ற பெயரில் ஒரு வலைப்பூ நடத்தியது. விடிந்ததும் ஏரியை ஒரு சுற்று சுற்றி வரும். பிறகு பாறைமேல் ஏறி உட்கார்ந்து நிதானமாக எழுதும்.

“இன்று அலை குறைவு. வடக்குத் துறையில் பாசி வழுக்குகிறது. முதலை கிழக்குத் துறையில் மருத மரத்தடியில் படுத்திருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் இறங்க வேண்டாம்.”

அவ்வளவுதான். படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. லைக் எண்ணி ஏழு விழும். அதில் ஒன்று ஓடம்மாள் தானே போட்டுக்கொண்டது.

அந்தக் கோடையில் இரண்டு நீர்நாய்ச் சகோதரர்கள் மூங்கில் தெப்பம் விட ஆரம்பித்தன. தெப்பத்தின் மேல் நின்று குட்டிக்கரணம் அடித்து வீடியோ போட்டன. காடே அதைப் பார்த்தது. அணில்கள் கூட்டம் கூட்டமாகத் தெப்பத்துக்கு ஓடின. ஓடம்மாள் நாள் முழுக்கத் துறையில் காத்துக் கிடந்தும் ஒரே ஓர் ஓணான்தான் வந்தது. அதுவும் தெப்பத்தில் இடம் கிடைக்காததால்தான் வந்தது!

ஓடம்மாளின் முகம் வாடியது. அதைப் பார்த்துவிட்டு ஒரு கரிச்சான் குருவி பறந்து வந்து அதன் முதுகில் உட்கார்ந்தது. காட்டில் யார் எந்த வீடியோ போட்டாலும் அந்தக் குருவிக்கு உடனே தெரிந்துவிடும்.

“அக்கா, உன் வலைப்பூவைப் படித்தேன். படிக்கும்போதே தூங்கிவிட்டேன்!” என்றது கரிச்சான்.

“உள்ளதைத்தானே எழுதுகிறேன், தம்பி?”

“உள்ளதை எழுதினால் யார் பார்ப்பார்கள்? முதலை அங்கே, பாசி இங்கே... இதெல்லாம் பழைய பாணி. இப்போது ஆட்டம்தான் ட்ரெண்ட்! எட்டே நாளில் உன்னைக் காடறிய வைக்கிறேன்.”

“எனக்கு ஆடத் தெரியாதே!”

“ஆட வேண்டாம். பாறைமேல் மல்லாந்து படு. நான் ஒரு தள்ளு தள்ளுகிறேன். பம்பரம் மாதிரி சுற்று. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கூலியாக உன் முதுகில் ஓர் இடம் கொடு. ஏரிமேல் பறக்கும் பூச்சிகளை உட்கார்ந்தபடியே பிடித்துக்கொள்வேன்.”

மல்லாந்து விழுந்த ஆமை தானாக நிமிர்வது பெரும்பாடு. ஓடம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் காலியாகக் கிடந்த துறையைத் திரும்பிப் பார்த்தது. “சரி, தம்பி” என்றது.

மறுநாளே ஆட்டம் தொடங்கியது. விடியற்காலையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று கரிச்சான் அந்த நேரத்தையே பிடித்துக்கொண்டது. அதனால் ஏரியைச் சுற்றி வர நேரமில்லை. குறிப்பு எழுதவும் நேரமில்லை. ஓடம்மாள் மல்லாந்து சுற்றியது. இடப்பக்கம் சுற்றியது. வலப்பக்கம் சுற்றியது. தலை கிறுகிறுத்தாலும் சிரித்தது.

கரிச்சான் சொன்னபடியே நடந்தது! மூன்றாம் நாள் ஆயிரம் லைக் விழுந்தது. எட்டாம் நாள் ஓடம்மாளைப் பின்தொடர்பவர்கள் ஒன்பதாயிரம் பேர்!

“பார்த்தாயா அக்கா! வைரல்!” என்று கரிச்சான் வாலை ஆட்டியது.

ஓடம்மாளுக்கும் பெருமை பிடிபடவில்லை. அன்று மாலை துறையில் போய் நெடுநேரம் நின்றது. ஒருவரும் வரவில்லை. அந்த ஒன்பதாயிரம் பேரும் யார் என்று அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தது. எல்லாம் சதுப்பு நிலத்துத் தவளைகளும் தலைப்பிரட்டைகளும்!

“தம்பி, தவளைக்கு எதற்கு ஆமை முதுகு? அதுவே நீந்திப் போய்விடுமே!”

கரிச்சான் தொண்டையைச் செருமியது. “இன்னும் ஒரு வீடியோ போட்டால் அணில்களும் வந்துவிடும், அக்கா. நாளைக்கு மட்டும் சுற்றிவிடு.”

ஒன்பதாம் நாள் விடிந்தது. ஓடம்மாள் பாறைமேல் மல்லாந்து சுற்றிக்கொண்டிருந்தது. வானம் கீழேயும் ஏரி மேலேயுமாக எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. அப்படிச் சுற்றும்போதுதான் தெற்குத் துறை கண்ணில் பட்டது. அங்கே ஆழம் குறைவு; இறங்கியே அக்கரைக்குப் போய்விடலாம். ஒரு தாய் முயல் மூன்று குட்டிகளோடு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சுற்றில் ஓடம்மாள் இன்னொன்றையும் பார்த்தது. முயலுக்கு இருபது முழம் தள்ளி, தண்ணீர்மேல் இரண்டு கண்கள்!

“தம்பி! என்னைத் திருப்பு! முதலை! முதலை!”

“பாட்டு முடியட்டும் அக்கா! இன்னும் பத்தே நொடி!” என்றது கரிச்சான். அதன் கண் கைபேசியை விட்டு விலகவில்லை.

ஓடம்மாள் அதற்குமேல் கெஞ்சவில்லை. கழுத்தை நீட்டிப் பாறையில் ஊன்றி ஓர் உந்து உந்தியது. கழுத்து நரம்பு விண்ணென்று தெறித்தது. இன்னோர் உந்து! புரண்டு, தொப்பென்று ஏரியில் விழுந்தது.

ஆமை தரையில்தான் மெதுவாகப் போகும். தண்ணீரில் அப்படியில்லை. ஓடம்மாள் அம்புபோலப் போனது. முதலை வாயைத் திறந்த அந்த நொடியில் முயலுக்கும் முதலைக்கும் நடுவே தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு பாய்ந்தது. முதலையின் வாய் ஓட்டின்மேல் படாரென்று மூடியது. கருங்கல்லைக் கடித்தது போல முதலை அலறியது. அதன் முன்பல் ஒன்று முறிந்து விழுந்தது.

“ஓடு! குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடு!” என்று ஓட்டுக்குள்ளிருந்து ஓடம்மாள் கத்தியது.

முதலை மறுபடி வாயைத் திறந்தது. அதற்குள் கரிச்சானும் வந்து சேர்ந்துவிட்டது. கைபேசியைப் பாறையிலேயே போட்டுவிட்டு வந்த அந்தச் சின்னக் குருவி, முதலையின் கண்ணைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கொத்தியது. முதலை தலையைச் சிலுப்பியது. கடைசியில் சலித்துப்போய் ஆழத்தில் மறைந்தது.

கரையில் முயல் நடுங்கியபடி நின்றது. மூன்று குட்டிகளும் அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

“உன் பேர் என்னம்மா? முதலை திரியும் நேரத்தில் இப்படியா இறங்குவது?” என்று ஓடம்மாள் மூச்சிரைக்கக் கேட்டது.

“என் பேர் நெடுங்காதி, அக்கா. இரண்டு வருஷமாக உன் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் தினமும் தண்ணீரில் கால் வைப்பேன். எட்டு நாளாகக் குறிப்பே வரவில்லை. தண்ணீரில் இறங்காமல் இருந்தோம். இந்தக் கரையில் புல் தீர்ந்துபோயிற்று. குட்டிகளுக்குப் பசி பொறுக்கவில்லை. ஆபத்து இருந்தால் ஓடம்மாள் அக்கா எழுதியிருக்குமே என்று இன்றைக்குத் துணிந்து இறங்கிவிட்டேன்.”

ஓடம்மாள் கழுத்தை நீட்டி முயலை நிமிர்ந்து பார்த்தது. “இரண்டு வருஷமாகவா? ஒரு நாள்கூட நீ லைக் போட்டதில்லையே, நெடுங்காதி!”

“மூன்று குட்டிகளை வைத்துக்கொண்டு படிப்பதே பெரிய பாடு, அக்கா. படித்ததும் ஓட வேண்டும். இதில் லைக் போட எங்கே நேரம்?”

ஓடம்மாள் பாறைக்குத் திரும்பியது. ஓட்டின் ஓரத்தில் பல் தடம் பதிந்திருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்து எழுதியது.

“ஒன்பது நாளாக நான் குறிப்பு எழுதவில்லை. அதனால் இன்று நான்கு உயிர் போகப் பார்த்தது. தவறு என்னுடையது. முதலை இப்போது தெற்குத் துறையைத் தாண்டி ஆழத்தில் இருக்கிறது. இனி ஒரு நாளும் விடாமல் எழுதுவேன்.”

சிறிது நேரத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. ‘உன் குறிப்பைப் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கப் போவேன்’ என்று ஒரு சருகுமான் எழுதியிருந்தது. ‘ஒன்பது நாளாகத் தாகத்தோடு இருக்கிறோம், அக்கா. நல்லவேளை வந்துவிட்டாய்’ என்று ஒரு காட்டுக்கோழி எழுதியிருந்தது. ஓடம்மாள் கேள்விப்பட்டே இராத பெயர்கள்! ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தது.

கரிச்சான் சற்றுத் தள்ளி ஒரு கிளையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. “பத்து நொடி என்று சொன்னேனே அக்கா. எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் போகட்டுமா?”

“கூப்பிடாமலே முதலையின் கண்ணைக் கொத்த வந்தவன் நீ. எங்கே போகிறாய்? உனக்கு நிறைய உத்தி தெரியும். அதையெல்லாம் இந்தக் குறிப்புக்குச் செய்து காட்டு, பார்ப்போம்!” என்றது ஓடம்மாள்.

கரிச்சான் துள்ளி எழுந்தது. முதலை இருக்கும் இடத்தைத் தலைப்பிலேயே போடச் சொன்னது. பிராணிகள் தண்ணீருக்குக் கிளம்பும் முன்பே குறிப்பு வெளிவர வேண்டும் என்றது. கண் மங்கியவர்களுக்காகத் தன் குரலிலேயே படித்துப் பதிவிட்டது. நாலு துறைகளையும் மேலிருந்து படம் பிடித்துப் போட்டது. யார் யார் எப்போது படிக்கிறார்கள் என்று கேட்டறிந்து சொன்னது.

நெடுங்காதி நடந்ததைத் தன் பக்கத்தில் எழுதியது. அதைப் படித்த அணில்கள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தன. “முதலை எங்கே என்று தெரிந்தவரோடு போவதுதான் நல்லது!” என்றது ஓர் அணில். மழைக்காலம் வருவதற்குள் ஓடம்மாளின் துறையில் வரிசை நின்றது.

ஒரு நாள் நீர்நாய்ச் சகோதரர்களே வந்தன. “அக்கா, ஒரு வார்த்தை. நாங்களும் உன் குறிப்பைப் பார்த்துத்தான் தெப்பம் எடுப்போம். அந்த ஒன்பது நாளும் கரையிலேயே நின்று குட்டிக்கரணம் அடித்தோம்!” என்றது மூத்தது. ஓடம்மாள் ஓடு குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

ஏரிக் குறிப்பை முதலையும் படித்தது. படித்ததும் எரிச்சலோடு இடம் மாறிப் படுத்தது. ஓடம்மாள் அதையும் எழுதியது.

நீதி: கைதட்டும் கூட்டத்தைத் தேடி ஓடுவதைவிட, சத்தமில்லாமல் நம்மை நம்பியிருப்பவர்களுக்குத் தவறாமல் பயன்படுவதே நல்ல பெயரையும் நல்ல பிழைப்பையும் தரும்.