பூவாயி முதுகில் கட்டிய துணி

ஹட்டனில் தையல் சொல்லிக்கொடுத்த சவரியம்மாளுக்கு வயது நாற்பது. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த மாசிலாமணிக்கு அறுபது. வாழ்நாளெல்லாம் புடவைக் கடையில் பேரம் பேசியவர். ஊசி பிடித்த பிறகும் குரல் இறங்கவில்லை.

அந்த வாரம் நகரசபையோடு சண்டை போட்டு, அதன் மண்டபத்தில் ஒரு சுவரைக் கேட்டு வாங்கியிருந்தார். மறுநாள் காலை, பூவாயியின் நினைவாக அவள் தைத்த துணியை அங்கே மாட்ட வேண்டும்.

பூவாயி துறையூரிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து தேயிலைக் கொழுந்து பறித்தவள். அறுபது வருஷத்துக்கு முன், 1928-ல், டவுனில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டுமென்று கூட்டம் போட்டார்கள். அப்போது எழுதத் தெரியாத நாற்பத்தொரு பெண்களின் அடையாளத்தை, கையெழுத்துக்குப் பதிலாக, சிவப்பு நூலால் ஒரே துணியில் தைத்தாள். ஒருத்திக்குச் சீப்பு, ஒருத்திக்கு உலக்கை, ஒருத்திக்கு நண்டு.

துணியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை.

"நாளைக்கு மந்திரி வர்றார் டீச்சர். இதுதானா உங்க பூவாயி தைச்சதுன்னு சிரிச்சுட்டா? கறையோட ஒருத்தியை எப்படிப் பெருமைப்படுத்துறது?"

துணி எங்கே என்று சவரியம்மாள் கேட்டாள்.

சோடா உப்பில் ஊறவைத்து, மூன்று தடவை கசக்கிக் கொடியில் போட்டிருப்பதாகச் சொன்னார்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். தனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள் அன்று அந்தக் கூட்டத்துக்குப் பூவாயியோடு நடந்து போனவள் என்றாள். கூட்டத்துக்கு ஏதாவது கொண்டு போகிறார்களா என்று, தோட்டத்து வாசலில் கங்காணி கூடை, மடி எல்லாவற்றையும் உதறிப் பார்த்திருக்கிறான். பூவாயி இந்தத் துணியால்தான் பிள்ளையை முதுகில் கட்டியிருந்தாள். அதையும் அவிழ்க்கச் சொல்லி அவன் கையை நீட்டிய நேரம், பிள்ளை துணியிலேயே வெளிக்குப் போய்விட்டது. கங்காணி மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று விரட்டினான். வழியில் ஓடையில் அலசி, ஈரத்தோடு கூட்டத்தில் கட்டினார்கள். நாற்றம் போயிற்று, கறை போகவில்லை.

மாசிலாமணி செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. துணியை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"போகலை டீச்சர். அப்படியே இருக்கு."

"நூலு?"

"ஒண்ணும் ஆகலை."

இருவரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தயங்கிக் கேட்டார்.

"மந்திரி முகம் சுளிச்சா?"

"சுளிக்கட்டும் அண்ணே. அன்னைக்கு வழி விட்டவனும் சுளிச்சுக்கிட்டுத்தான் விட்டான்."