மூன்றாவது அறிக்கை

கேட்பவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கதை இது. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவிலில் பிறந்த கோமதி, பிரசவம் பார்க்கும் டாக்டர். மேற்பயிற்சிக்காக அமெரிக்கா போனவர். அப்படிப் போகிற வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷமாவது இருந்தாக வேண்டும் என்பது அந்த விசாவின் நிபந்தனை. அதற்கு ஒரு விலக்கு உண்டு. டாக்டர்கள் வரத் தயங்கும் ஊர் ஒன்றில் மூன்று வருஷம் முழுநேரமாக வேலை செய்தால் திரும்ப வேண்டியதில்லை. கோமதிக்குக் கிடைத்த ஊர் டன்ஃபோர்ட். சுற்றிலும் கோதுமை வயல். நாலாயிரம் பேருக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு அவரை விட்டால் எழுபது மைல் தள்ளியிருக்கும் நகரத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாநில அரசுக்கு ஓர் அறிக்கை போகும். 'இவர் இந்த ஊரிலேயே முழுநேரம் பணிபுரிகிறார்' என்ற வரியின் கீழே டாக்டரும் ஆஸ்பத்திரி நிர்வாகியும் கையெழுத்திட வேண்டும்.

நிர்வாகியின் பெயர் மார்த்தா. இருபது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியை மூடவிடாமல் காத்து வந்தவர். கோமதி வந்த மூன்றாம் மாதம் அவரைக் கூப்பிட்டு, "செவ்வாய்க்கிழமை மட்டும் நகரத்தில் இருக்கும் நம் கிளினிக்குக்குப் போய் வாருங்கள். அங்கே வரும் வருமானத்தில்தான் இங்கே பிரசவ வார்டு ஓடுகிறது" என்றார். அது உண்மைதான்.

"அறிக்கையில் அதை எழுத வேண்டாமா?" என்று கோமதி கேட்டார்.

"வாரத்தில் ஒரு நாள்தானே, டாக்டர்."

தன் விசா இவர் கையில் இருக்கிறது என்ற நினைப்பு கோமதியை மேலே பேசவிடவில்லை. முதல் அறிக்கையில் தயங்கித் தயங்கிக் கையெழுத்திட்டார். இரண்டாவதில் அந்தத் தயக்கமும் இல்லை.

இரண்டாவது பனிக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, டேல் என்ற விவசாயியின் மனைவி ஜோலினுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார் டேல். டாக்டர் இல்லை, நகரத்துக்குப் போய்விடுங்கள் என்றார்கள். பனி மூடிய சாலையில், பாதி வழியில், வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆனால் மூச்சுக்குத் திணறிய அந்தச் சில நிமிஷங்களில் இடது கையும் காலும் வலுவிழந்துபோயின. அதே நேரத்தில் கோமதி நகரத்துக் கிளினிக்கில், எந்தக் குறையும் இல்லாத கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து டேல் மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார். "அன்றைக்கு லீவா, டாக்டர்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமாம்" என்றார் கோமதி.

"உங்களுக்கும் ஓய்வு வேண்டும் இல்லையா?" என்று சொல்லி, தன் பண்ணையிலிருந்து கொண்டுவந்த இரண்டு டஜன் முட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த முட்டைகள் வீட்டில் அப்படியே கிடந்தன. "கெட்டுப் போயிரும்ல, கோமதி?" என்றார் கணவர் சண்முகவேல்.

"நீங்க வேணா சாப்பிடுங்க. என்னால அதத் தொட முடியல."

அன்றைக்குத்தான் அவரிடம் முழுவதையும் சொன்னார். அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில் நகரத்துக்குப் போகவில்லை. மார்த்தாவும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஏப்ரலில் மூன்றாவது அறிக்கை அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. உண்மையை எழுதப்போவதாகக் கோமதி சொன்னதும் மார்த்தா கதவைச் சாத்தினார்.

"இப்போதுதான் போவதில்லையே. நீங்கள் எழுதினால் இந்த ஊருக்கு இனி விலக்கில் யாரையும் தர மாட்டார்கள். வார்டை மூட வேண்டியதுதான்."

எழுதும் முன் கோமதி டேலின் பண்ணைக்குப் போனார். அன்று லீவு இல்லை, எங்கே இருந்தேன், எத்தனை தரம் பொய்க் கையெழுத்திட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஜோலின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். 

"கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன்" என்றார் டேல். "ஆனால் எழுதாதீர்கள். ஆகஸ்டில் என் தங்கைக்குப் பிரசவம். நீங்கள் போய்விட்டால் அவளும் அதே சாலையில்தான் போக வேண்டும்."

கோமதி எழுதினார். தான் நகரத்துக்குப் போன செவ்வாய்க்கிழமைகளை எல்லாம் தேதிவாரியாக எழுதி, முந்தைய இரண்டு அறிக்கைகளும் பொய் என்றும் சேர்த்து, தன் கையெழுத்தோடு மட்டும் அனுப்பினார்.

பொய் அறிக்கைகள் தந்ததற்காக, டன்ஃபோர்டுக்கு இரண்டு வருஷம் விலக்கில் டாக்டர் கிடையாது என்று உத்தரவு வந்தது. வார்டு மூடப்பட்டது. கோமதியை நாட்டை விட்டு அனுப்பவில்லை. வேறொரு ஊரில் மூன்று வருஷத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். ஆகஸ்டில் டேலின் தங்கை அந்த எழுபது மைலும் போய்த்தான் பெற்றெடுத்தாள். தாயும் சேயும் நலம் என்று டேல் ஒரு வரி எழுதியிருந்தார். அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஊருக்காக மறைக்கச் சொன்னார் மார்த்தா. தன் குழந்தைக்கு நேர்ந்ததை விழுங்கிக்கொண்டு மறைக்கச் சொன்னார் டேல். இருவரையும் மீறி எழுதினார் கோமதி. இவர்களில் யார் செய்தது சரி? சொல்லுங்கள்.

மார்த்தா சொன்ன காரணம் மெய். ஆனால் மறுக்க முடியாத நிலையில் இருந்தவரிடம் கையெழுத்து வாங்கி அதைச் சாதித்ததால் அது சரியாகாது. டேல் தன் குழந்தைக்கு நேர்ந்ததை மன்னிக்கலாம். மற்ற செவ்வாய்க்கிழமைகளில் போன் செய்து, டாக்டர் இல்லை என்று கேட்டு ஏமாந்திருக்கக்கூடியவர்கள் சார்பில் மன்னிக்க அவருக்கும் உரிமை இல்லை. ஆகவே எழுதியதுதான் சரி. ஆனால் ஆஸ்பத்திரியின் பெயரில் பொய் எதுவும் போகும் முன்பே, முதல் அறிக்கையில் எழுதியிருந்தால் அதற்கான விலை கோமதியோடு நின்றிருக்கும். மூன்றாவதில் எழுதியபோது ஊரே அதைச் சுமந்தது. சரியானதைச் செய்தும், நல்லது செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லை. கோமதி அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை.