ஆழம் கேட்ட கட்டம்

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. தாடியும் சீடருக்குத்தான். குரு சீடன் கதைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். என்ன செய்வது, கோயம்புத்தூர் கணபதியில் ஒரு டயர் கடைக்கு மேலே சனிக்கிழமைதோறும் நடந்த வகுப்பில் அப்படித்தான் அமைந்தது.

குருவின் பெயர் வான்மதி. சாஃப்ட்வேர் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதை மனிதர்கள் பயன்படுத்துகிற மாதிரி எழுதச் சொல்லித் தருவது அவர் தொழில். முதல் வகுப்பிலேயே எல்லாருடைய மூக்குக்கண்ணாடியையும் வாங்கி, ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்து, ஒரு வங்கி விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னார். இரண்டு பேர் அன்றோடு நின்றுவிட்டார்கள்.

சென்னியப்பன் நிற்கவில்லை. முப்பது வருடம் ஒரு கம்பெனியில் பம்பு வடிவமைத்தவர் அவர். ஐம்பதுக்கு மேல் கம்ப்யூட்டர் மொழி கற்று, கம்பெனிக்காகத் தன் கையால் ஓர் ஆப் எழுதியிருந்தார். ஆழ்துளைக் கிணற்றின் விவரங்களைப் போட்டால், எந்தப் பம்பை இறக்க வேண்டும் என்று அது சொல்லும். கம்பெனியின் மெக்கானிக்குகள் எல்லாரும் அதில் பதிந்துதான் பம்பு வாங்க வேண்டும் என்று ஆகி நாலு மாதம் ஆகிறது. தன் மகனைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“டீச்சர், ஒரு சந்தேகமுங்க.”

“சொல்லுங்க சார்.”

“எவ்வளவு சுலபமாச் செஞ்சு குடுத்தாலும் தப்பாவே அழுத்தற ஆளுக்கு என்னங்க பண்றது?”

“எந்த ஆளுங்க?”

“ஆறுச்சாமின்னு ஒரு மெக்கானிக். அன்னூர்ப் பக்கம். ரெண்டு மாசத்துல மூணு மோட்டாரை எரிச்சுட்டான். மூணு ஊரு, மூணு போர்க்குழி. ஆப்புல ஆழம் எத்தனைன்னு கேட்டா, மூணுக்கும் முந்நூறு மீட்டர்னு போட்டிருக்கான். அந்த ஏரியாவுல அத்தனை ஆழத்துக்கு யாருமே மோட்டார் இறக்கறதில்லைங்க. அளந்துகூடப் பார்க்கலை. சோம்பேறி.”

“முந்நூறுன்னு போட்டா மோட்டார் எரியுமாங்க?”

“எரியாம? முந்நூறு மீட்டர் தள்ளற பம்பை அதுல பாதி ஆழத்துல மாட்டினா, அளவுக்கு மீறித் தண்ணியை அள்ளும். கரண்டும் மீறும். காயில் கருகிப் போயிரும்.”

சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதம். ஆப்பில் பிழை எதுவும் இல்லை, மூன்று மோட்டார்களும் எரிந்ததற்குக் காரணம் பயன்படுத்தியவரின் அலட்சியமே என்று இருந்தது. திங்கட்கிழமை கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வைத்து ஆறுச்சாமியின் பெயரைக் கம்பெனி மெக்கானிக்குகள் பட்டியலிலிருந்து எடுப்பார்கள்.

“கையெழுத்துப் போடலைங்களே?”

“உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்னுதாங்க.”

கேட்க வந்தவர் போலத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் ‘போடுங்க சார்’ என்ற ஒரே வார்த்தையைத்தான் எதிர்பார்த்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வான்மதி கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவர் நம்பர் இருக்குதுங்களா?”

அங்கேயே போன் செய்தார். இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்தார்.

“மூணாவது மோட்டாரை நாளைக்குக் காலையில மேல எடுக்கறாராம். கூட வேலை செய்யற ஆள் கல்யாணத்துக்குப் போயிட்டாராம். நாங்க ரெண்டு பேர் வர்றோம்னு சொல்லிட்டேன். பழைய பேன்ட்டாப் போட்டுட்டு வாங்க சார்.”

அவர் கேட்ட கேள்விக்கு அன்று பதில் எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வாழைத் தோட்டத்தின் நடுவில் மூன்று கால் இரும்புச் சட்டத்தை நட்டு, அதில் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கைத் தொங்கவிட்டிருந்தார் ஆறுச்சாமி. நாற்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, கறை படிந்த காக்கிக் கால்சட்டை. பதினொரு நாளாகத் தண்ணீர் பாயாத வாழை இலைகள் ஓரம் காய்ந்து தொங்கின.

“எங்கிட்டப் படிக்கறவருங்கண்ணா. உதவிக்கு வந்திருக்காரு” என்று சென்னியப்பனைக் காட்டினார் வான்மதி. ஆப் எழுதியவர் என்று சொல்லவில்லை. சென்னியப்பனும் சொல்லவில்லை.

“ரெம்பச் சந்தோசமுங்க சார். பைப்பை மட்டும் சாயாமப் புடிச்சுக்குங்க. அம்மிணி, நீங்க அக்கட்டால நில்லுங்க, பைப்புல இருக்கிற தண்ணி மேல கொட்டும்.”

பக்கத்தில் ஒரு டெம்போவில் மாற்றுப் பம்பு பெட்டியோடு வந்திருந்தது. சென்னியப்பன் போகிற போக்கில் அதன் ஒட்டுச்சீட்டைப் படித்தார். அதுவும் முந்நூறு மீட்டர் பம்புதான். ஆப்பில் பழைய பதிவு இருக்க, அதைப் பார்த்து அதே பம்பைத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். அவர் வாய் திறக்கவில்லை. கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

வேலை ஆரம்பித்தது. ஆறுச்சாமி சங்கிலியை இழுப்பார், இருபது அடி இரும்புப் பைப் ஒன்று மேலே வரும். கீழே இருக்கிற பைப்பைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட்டு, ரெஞ்சால் மரையைக் கழற்றுவார். கழன்ற பைப்பைச் சென்னியப்பன் தாங்கிக் கொண்டுபோய்த் தரையில் படுக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு பைப்புக்கும் ஆறுச்சாமி சட்டத்தின் காலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

“எண்ணிக்கையை நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்க சார்” என்றார் வான்மதி. “கோடு ஒண்ணு தவறிட்டாலும் தெரியுமில்லீங்க.”

“ஒண்ணு” என்றார் சென்னியப்பன்.

ஆறாவது பைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. பத்தாவதில் சட்டை நனைந்துவிட்டது. உள்ளங்கை முழுக்கத் துருவும் கிரீஸும் சேறும். ஆறுச்சாமி பேசிக்கொண்டே வேலை செய்கிற ஆள்.

“மொதல்ல எல்லாம் இத்தனை பைப்பு, இத்தனை அடின்னு நோட்டுல எழுதிக் குடுப்போமுங்க. இப்பப் போனுல போடோணும். மொதல்ல ஆப்புல போட்டது இந்தக் குழிதானுங்க, எரிஞ்சதுதான் கடைசி. நாநூத்தி அறுவது அடி, நாநூத்தி அறுவதுன்னு போட்டேன். செவப்பா என்னமோ வந்துச்சு. நாநூறு போட்டேன், செவப்பு. முந்நூத்தம்பது போட்டேன், அதுக்கும் செவப்பு. முந்நூறு போட்டேன், போயிருச்சு.”

“போனதும் என்ன நெனச்சீங்க?” என்று கேட்டார் வான்மதி.

“வாங்கிக்கிச்சுன்னு நெனச்சேனுங்க. அடுத்த ரெண்டு குழிக்கும் அதுவேதான். எந்த எண்ணுக்குச் செவப்புப் போவுதுன்னு தெரிஞ்சு போச்சுங்களே.”

முந்நூறுக்கு மேல் யாரும் போட்டுவிடக் கூடாது என்று அந்தச் சிவப்பை வைத்தவர் சென்னியப்பன். வைத்த அன்று அதை மூன்று பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார்.

“கட்டத்துக்குப் பக்கத்துலயே மீட்டர்னு போட்டிருக்குமே” என்றார்.

“இருந்திருக்குமுங்க சார். இந்த வெயில்ல செவப்பு ஒண்ணுதாங்க கண்ணுக்குத் தெரியும்.”

“பதினாலு” என்று எண்ணிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சென்னியப்பன் மறுபடியும் கேட்டார். “பம்பு பெருசா இருக்குதேன்னு உங்களுக்குத் தோணலையா?”

“தோணாம இருக்குமுங்களா? இருவத்திரெண்டு வருசமா இதே வேலை. ஆபீசுக்குப் போன் போட்டேன். ஆப்புல என்ன வந்துச்சோ அதையே மாட்டு, வேறதை மாட்டினா கேரண்டி கிடையாதுன்னுட்டாங்க. அதை எழுதினவரு பெரிய இஞ்சினீராமா. அவருக்குத் தெரியாதது எனக்கு என்னங்க தெரிஞ்சிரும்?”

சென்னியப்பன் பைப்பைப் பார்த்துக்கொண்டார்.

“நாளைக்கு லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்துருவாங்கன்னு பேசிக்கறாங்க” என்றார் ஆறுச்சாமி, சங்கிலியை இழுத்தபடியே. “வேலை போனாக்கூடப் பரவாயில்லீங்க. மோட்டாரை எரிக்கறவன்னு பேராயிரும். அப்புறம் இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் குழிகிட்ட நிக்க விடமாட்டான்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

பன்னிரண்டரை மணிக்குக் கடைசிப் பைப்போடு மோட்டாரும் மேலே வந்தது. கருகிய வாடை.

“இருபத்தி மூணு” என்றார் சென்னியப்பன். சட்டத்தின் காலிலும் இருபத்து மூன்று கோடுகள் இருந்தன.

ஆறுச்சாமி இரண்டு கையாலும் மோட்டாரைத் தாங்கிக்கொண்டிருந்தார். “அம்மிணி, எரிஞ்ச மோட்டாரை எடுத்த கையோட ஆழத்தை மறுபடியும் ஆப்புல பதியோணுமுங்க. பையில போன் இருக்குது.”

வான்மதி அந்தப் போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, சென்னியப்பன் முன்னால் நீட்டினார்.

“அண்ணன் கை சும்மா இல்லீங்க சார். நீங்களே போட்டுருங்க.”

கண்ணாடி விரிசல் விட்ட போன். வெயிலில் திரை வெள்ளையாகக் கிடந்தது. சென்னியப்பன் கையைப் பேன்ட்டில் துடைத்தார், கிரீஸ் போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறவில்லை. விரல் முட்டியை மடக்கி, கட்டத்தை ஒருமாதிரி தேடிப் பிடித்து, இரண்டு எண்களை அழுத்தினார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

பச்சை டிக் வந்தது. பதிவுக்கு நன்றி என்று ஆப் சொன்னது.

“என்ன பம்பு சொல்லுதுங்க?” என்றார் ஆறுச்சாமி.

போனைத் தன் நிழலுக்குள் கொண்டுவந்து பார்த்தார் சென்னியப்பன். தரைத்தொட்டிக்கு மாட்டுகிற ஒரு சின்னப் பம்பின் பெயர் வந்திருந்தது. அவரே வடிவமைத்த பம்புதான். இது ஏன் வந்தது என்று மேலே நகர்த்திப் பார்த்தார்.

ஆழம் என்ற கட்டத்தில் இருபத்து மூன்று என்று இருந்தது.

அவர் திரும்பத் திரும்ப அதையே பார்த்தார். முப்பது வருடம் மீட்டரிலேயே யோசித்த தலை. அந்தக் கட்டத்தை வைத்ததும் அவர்தான், பக்கத்தில் மீட்டர் என்று எழுதியதும் அவர்தான். போட்டது பைப்புகளின் எண்ணிக்கை. தப்பு என்று சொல்ல இந்த முறை சிவப்புகூட வரவில்லை.

வான்மதியும் திரையைப் பார்த்தார்.

அப்போது சென்னியப்பனின் சட்டைப்பையில் போன் அடித்தது. கை முழுக்க கிரீஸ். வான்மதியே அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தார். கம்பெனியின் சர்வீஸ் மேனேஜர்.

“சார், நாளைக்குக் காலையில மீட்டிங். லெட்டர் ரெடிங்களா? இல்லைன்னாலும் பரவாயில்லை, தப்பு யாரோடதுன்னு பேரை மட்டும் சொல்லுங்க. நானே டைப் பண்ணிக்கறேன்.”

ஆறுச்சாமி மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றார்.

“எழுதிக்குங்க” என்றார் சென்னியப்பன். “சென்னியப்பன்.”

“அது உங்க பேருங்க சார். நான் கேட்டது...”

“நீங்க கேட்டதைத்தான் சொல்றேன். ஆப்பை எழுதின சென்னியப்பன். மூணு மோட்டாருக்கும் அதே பேரைப் போடுங்க. அப்புறம், இங்க வந்திருக்கிற பம்பு இறங்காது. ஆழம் நாநூத்தி அறுவது அடி, நூத்தி நாப்பது மீட்டர். அதுக்கு ஒண்ணு இன்னிக்கே அனுப்புங்க. ஆப்பைப் பார்க்காதீங்க. மாடல் நம்பரை நான் சொல்றேன்.”

சொன்னார். சரிங்க சார் என்று மேனேஜர் போனை வைத்தார்.

ஆறுச்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து பைப் சுமந்த ஆள் யார் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பதினொரு நாள் காய்ந்த தோட்டமும், போகவிருந்த பெயரும் இந்த மனிதரால் வந்தவை. கேட்பதற்கு அவரிடம் நிறைய இருந்திருக்கும்.

குனிந்து, கருவிப் பையிலிருந்து ஒரு கை பனியன் வேஸ்ட்டுத் துணியை எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

“தொடைச்சுக்குங்க சார். கிரீஸு காஞ்சுதுன்னா லேசுல போவாது.”

சென்னியப்பன் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். டெம்போக்காரரைத் திருப்பி அனுப்ப ஆறுச்சாமி அந்தப் பக்கம் நடந்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க சார்.”

“நேத்து ஒண்ணு கேட்டேன். எவ்வளவு சுலபமாச் செஞ்சு குடுத்தாலும் தப்பா அழுத்தற ஆளுக்கு என்ன பண்றதுன்னு. நீங்க பதிலே சொல்லலைங்க.”

வான்மதி அவர் கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

“அந்த ஆளுக்குக் கை தொடைக்க அண்ணன் துணி குடுத்தாருங்க சார்.”