ராஜாவின் கண்ணீரில் முத்து

முன்னொரு காலத்தில், கேட்டதையெல்லாம் நம்பும் காதோடு ஒரு ராஜா இருந்தார். பெயர் கருடசேனர். குதிரை விஷயத்தில் அவரை யாராலும் ஏமாற்ற முடியாது. மற்ற எல்லா விஷயத்திலும் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

ஒருநாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் சபையில் உட்கார்ந்து தேசதேசத்துக் கதைகளை அவிழ்த்துவிட்டான். பனி தேசத்தில் ஓர் இளவரசி சிரித்தால் ரோஜா உதிருமாம். மணல் தேசத்தில் ஒருத்தி நடந்தால் தரையில் பூ முளைக்குமாம். இன்னொரு தேசத்து இளவரசன் அன்னமாகப் பறந்து திரிந்தானாம். எந்தத் தேசமானாலும் சரி, அசல் ராஜரத்தம் ஓடும் இளவரசி அழுதால் கண்ணீர் முத்தாக விழுமாம். வணிகன் பட்டுத்துணியை விற்றுவிட்டுக் கப்பலேறிப் போனான். பைத்தியம் மட்டும் ராஜாவைப் பிடித்துக்கொண்டது.

இதற்காகவே காத்திருந்தவர் போலப் பிரதானி சூரப்பர் எழுந்தார். அவருடைய தங்கைதான் இளைய ராணி. மூத்த ராணி காலமாகி வருஷங்களாகிவிட்டன. அவள் பெற்ற ஒரே மகள் வடிவுடைநாச்சி. பட்டத்துக்கு உரியவள்.

"மகாராஜா, நம் இளவரசியின் தாயார் ஒரு குதிரை வீரனின் மகள். ஆகவே சந்தேகம் தீர வேண்டாமா? பௌர்ணமிக்குள் இளவரசியை அழவைத்துப் பார்ப்போம். முத்து விழாவிட்டால் பாட்டனார் ஊருக்கே அனுப்பிவிடலாம். பட்டத்துக்குத்தான் என் தங்கை பிள்ளை இருக்கிறானே" என்றார் பிரதானி.

ராஜா தலையாட்டினார். பெற்ற தகப்பன் ஐயா, கூச்சமில்லாமல் தலையாட்டினார்.

சபையின் ஓரத்தில் நின்ற விகடகவி அம்பலவனுக்கு இது பொறுக்கவில்லை. நாச்சி தவழ்ந்த நாளிலிருந்து அவளுக்குச் சிரிப்புக் காட்டியவன் அவன். ஆனால் அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் தன் தலைதான் உருளும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அரண்மனையில் நடந்த கூத்தைச் சொல்லவே வாய் கூசுகிறது. நாச்சி வளர்த்த மான் செத்துவிட்டதாக ஒருத்தி ஓடிவந்து பொய் சொன்னாள். இன்னொருத்தி செத்துப்போன அம்மாவின் சேலையைக் கொண்டுவந்து முன்னால் விரித்தாள். அதற்கும் அவள் அழாமல் இருந்ததும், பிரதானியின் ஆட்கள் அந்தப்புரத்தில் மிளகாய்ப் புகை போட்டார்கள். ஒரு பெண்ணை அழவைக்க ஒரு ராஜாங்கமே வேலை மெனக்கெட்டு நின்றது. நாச்சி இருமினாள். அழவில்லை.

அம்பலவன் அவளைப் பார்க்கப் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அழுதா வெறும் தண்ணி வரும், போடீன்னுவாங்க. அழலேன்னா கல்நெஞ்சு, இவ ராஜா மகளே இல்லைன்னுவாங்க. ரெண்டுல எது நடந்தாலும் என்னை அனுப்பத்தான் போறாங்க மாமா. எனக்குப் போறதுல வருத்தமில்லை. அப்பா ஒருதரம்கூட வந்து எட்டிப் பார்க்கலை பாருங்க, அதுதான் பொறுக்கலை."

"நீ ஏன் தாயி அழணும்? அழவேண்டியவங்க வேற ஆளு. நாளைக்குச் சபையில நான் கூப்பிடறப்ப வா. வந்து அப்பாகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லு."

"நடிக்கச் சொல்றீங்களா?"

"நடிப்பெல்லாம் வேண்டாம். நிசமாவே மூட்டையைக் கட்டிக்கிட்டு வா."

மறுநாள் சபையில் அம்பலவன் கைகூப்பி நின்றான்.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம். தாங்கள் குதிரைக்குட்டி வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்?"

"தகப்பன் குதிரையை. அதை ஓடவிட்டுப் பார்க்காமல் குட்டியைத் தொடவே மாட்டேன். நம் லாயத்தில் அதுதானே சட்டம்."

"குட்டிக் குதிரைக்கு இருக்கிற நியாயம் இளவரசிக்கு இல்லையா, மகாராஜா? ராஜரத்தம் தங்களிடமிருந்துதானே வந்தது? முதலில் தாங்கள் அழுது காட்டவேண்டும்."

ராஜாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நான் அழுததே கிடையாது. அழுதால் ஒவ்வொரு முத்தும் நெல்லிக்காய் அளவு இருக்கும். வெங்காயம் கொண்டுவா" என்றார்.

பிரதானி குறுக்கே விழுந்தார். "வெங்காயக் கண்ணீர் கணக்கில் சேராது, மகாராஜா. உள்ளத்திலிருந்து வரவேண்டும்." ராஜாவுக்கு நெஞ்சுருகி அழத் தெரியாது, அதோடு பேச்சு முடிந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

"பிரதானியார் சொன்னால் சரிதான்" என்று அம்பலவன் வாசல் பக்கம் திரும்பிக் கையசைத்தான்.

நாச்சி உள்ளே வந்தாள். உடம்பில் நகை இல்லை. இடுப்பில் ஒரு துணிமூட்டை. நேரே சிம்மாசனத்தின் முன் வந்து நின்றாள்.

"போயிட்டு வரேன் அப்பா. ராத்திரியில உங்களுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கும். தைலம் உங்க கட்டில் தலைமாட்டுல இருக்கு. சூடு பண்ணித்தான் தேய்க்கணும். இதுவரைக்கும் தேய்ச்சது வேலைக்காரி இல்லை, நான்தான். தூக்கத்துல உங்களுக்குத் தெரியாது. இனிமே யாரையாவது தேய்க்கச் சொல்லுங்க."

ராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதடு கோணியது. மீசை நடுங்கியது. அழுததே இல்லை என்ற அந்த மனிதர் சபை நடுவே சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

அம்பலவன் ஓடிப்போய் ஒரு வெள்ளித் தட்டை அவர் தாடைக்குக் கீழே பிடித்தான். முகத்தில் துளிச் சிரிப்பு இல்லாமல், சொட்டுச் சொட்டாக விழுந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு நேரே பிரதானியிடம் வந்தான்.

"பிரதானியாரே, பார்த்துச் சொல்லுங்கள். இது முத்தா, தண்ணீரா? முத்து என்றால் எடுத்து ஒரு மாலை கோர்த்துக் காட்டுங்கள். தண்ணீர் என்றால், நம் மகாராஜாவை எந்த ஊருக்கு அனுப்புவது என்று தாங்களே சொல்லிவிடுங்கள்."

பிரதானி தட்டைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார். நெற்றி வியர்வை வழிந்து அதே தட்டில் விழுந்தது.

"அதுவும் முத்தாகக் காணோமே" என்றான் அம்பலவன்.

ராஜாவுக்கு அழுகையின் நடுவே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. அப்போதே பிரதானியின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தன் கழுத்தில் கிடந்த பொற்சங்கிலியை அம்பலவனுக்குப் போட்டார்.

இந்த மாதிரிக் கதையெல்லாம் ராஜா சிரித்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆனால் நாச்சி சிரிக்கவில்லை. மூட்டையோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எல்லாரும் சிரிச்சாச்சா?" என்று கேட்டாள். "நான் உங்க மகதான்னு சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு தட்டு வேண்டியிருந்தது அப்பா."

சிரிப்பு நின்றது. கருடசேனர் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார். கிரீடத்தைக் கழற்றி அம்பலவன் கையில் கொடுத்தார். மகளின் இடுப்பிலிருந்த மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்கு வா அம்மா" என்றார். மந்திரிகளும் காவலர்களும் பார்த்துக்கொண்டிருக்க, மூட்டையைச் சுமந்தபடி அந்தப்புரம் வரைக்கும் நடந்தார்.

நாச்சி அவருக்கு முன்னால் நடந்தாள். அன்று முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.