நத்தைகுத்தி நாரையின் மூடாத அலகு

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சும் இருந்தது, பேரமும் இருந்தது. பனி தொடங்கியதும் வடக்கேயிருந்து வாத்துகளும் உள்ளான்களும் புல்விதையைச் சுமந்துகொண்டு கோடியக்கரைக்கு வரும். இங்கே பூநாரையிடம் இறால் இருக்கும், கூழைக்கடாவிடம் மீன் இருக்கும். கொடுத்து வாங்கிக்கொள்ளும். தொல்லை என்னவென்றால், தேசத்துக்கு ஒரு கழுகு ராஜா, ராஜாவுக்கு ஒரு சட்டம். ஒரு தேசத்தில் ஓர் அளவு என்றால் வாத்தின் வாய் நிறைய. இன்னொரு தேசத்தில் உள்ளானின் ஊசி மூக்கு கொள்ளும் அளவு. தினமும் சண்டைதான்.

இந்தக் குழப்பத்தில் சௌகரியமாக வாழ்ந்தது ஒரே ஒரு பறவை. அதைத் தரகு நாரை என்பார்கள். எந்த ஊர் அளவு எந்த ஊர் அளவுக்கு ஈடு என்பது அதற்கு மட்டுமே அத்துப்படி. பஞ்சாயத்துப் பேசி முடித்தால் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் பங்கைவிட, உப்பங்கழி முழுக்க "அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்கண்ணே" என்று கூப்பிடுவதுதான் அதற்கு ருசி. அலகும் அப்போது அம்சமாக இருக்கும். மூடினால் இரண்டு பாதியும் இழைத்து ஒட்டியதுபோல் நிற்கும். தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்காமல் அது ஒரு நாளும் வேலைக்குக் கிளம்பியதில்லை.

ஒரு வருஷம் நாரை வரத் தாமதமானதில் பூநாரையின் இறால் முழுவதும் வெயிலில் நாறிப்போனது. ராஜாக்கள் கூடிப் பேசின. பேசின, பேசிக்கொண்டே இருந்தன. கூழைக்கடாவுக்கு அலுத்துவிட்டது. விற்பதும் வாங்குவதும் நாம், சட்டத்தையும் நாமே பேசி முடிப்போம், ராஜாக்கள் தலையை மட்டும் ஆட்டட்டும் என்றது. எல்லா தேசத்து வியாபாரிகளும் மணல்திட்டில் கூடின.

நாரை முதல் வரிசையில் போய் நின்றது. பொது அளவு வேண்டுமென்றால் என் அலகையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது. பாதித் தலைகள் ஆடவும் ஆடின. அப்போதுதான் பின்னாலிருந்து கரண்டிவாயன் தயங்கித் தயங்கி வந்தது. தட்டை மூக்கு என்று நாரை நேற்றுவரை கேலி செய்த பறவை அது.

"அண்ணன் அலகு நல்ல அலகுதான். ஆனா அண்ணன் இல்லாத ஊர்ல எதை வச்சு அளக்குறது? இந்தா, ஒரு நத்தை ஓடு. இதே அளவுல ஆளுக்கு ஒண்ணு கொண்டுபோவோம்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ராஜாக்களும் தலையாட்டிவிட்டன. அந்த முதல் ஓட்டைத் தாய் ஓடு என்று மணல்திட்டின் நடுவில் வைத்தன.

அதற்குப் பிறகு நாரையை யாரும் கூப்பிடவில்லை. வாத்துகூட ஓட்டால் அளந்து வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. கரண்டிவாயனைத்தான் வழி மறித்து வழி மறித்துக் குசலம் விசாரித்தன. நாரைக்கு வயிறு எரிந்தது. அந்தத் தட்டை மூக்கு தண்ணீரைத் துழாவுவதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. "அது நல்லதுதானே செஞ்சிருக்கு" என்று பெண்டாட்டி ஒரு வார்த்தை சொன்னதற்கு, அவளோடும் பேச்சை நிறுத்திவிட்டது.

தாய் ஓட்டின் விளிம்பு கொஞ்சம் உடைந்தால் போதும் என்று அதற்குத் தோன்றியது. அளவு தப்பும், கரண்டிவாயன் பெயர் கெடும், அண்ணே என்ற குரல் திரும்பி வரும். கழியில் நீர் வற்றிப் பறவைகள் எல்லாம் மீனுக்குப் போயிருந்த நேரம், நாரை தாய் ஓட்டை அலகின் நடுவில் வைத்துக் கடித்தது. ஓடு அசையவில்லை. கரண்டிவாயனை நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கடித்தது. ஏதோ வளைந்துகொடுத்தது. ஆனால் அது ஓடு இல்லை.

திரும்பி வந்த கூழைக்கடா, எதற்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாய், மூடு என்றது. நாரை மூடித்தான் இருந்தது. அலகின் நுனி நுனியோடு சேர்ந்திருந்தது, நடுவில் மட்டும் அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. கூழைக்கடா தாய் ஓட்டை எடுத்து அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தது. கச்சிதமாக உட்கார்ந்தது. சூழ்ந்து நின்ற பறவைகளுக்கெல்லாம் சங்கதி புரிந்துவிட்டது.

இதைத் துரத்திவிட வேண்டும் என்று சத்தம் கிளம்பியது. கரண்டிவாயன்தான் தடுத்தது.

"விட்டுடுங்க. இனிமே ஓடு தொலைஞ்சாலும் அளவு தொலையாது. அண்ணன் வாயில இருக்கு."

நல்ல மனசோடுதான் சொன்னது. நாரைக்குத் தாங்க முடியாமல் போனதும் அதுதான். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருக்கும்.

பிறகு, தன் ஓட்டில் சந்தேகம் வந்த வியாபாரியெல்லாம் நாரையிடம் வந்தது. "அண்ணே, கொஞ்சம் வாயைக் காட்டுங்கண்ணே" என்று வைத்துப் பார்த்துவிட்டுப் போனது. ஆசைப்பட்டபடியே அதன் அலகு பொது அளவாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அதில் வந்து உட்கார்ந்தது கரண்டிவாயன் சொன்ன ஓடு.

அன்று முதல்தான் அந்த நாரை நத்தை ஓட்டைக் கண்டால் விடாமல் குத்துகிறது, ஊரும் அதை நத்தைகுத்தி நாரை என்கிறது; அதன் குஞ்சுகளுக்கு முதலில் நேரான அலகுதான், வளர்ந்து பக்கத்துக் கூட்டை எட்டிப் பார்க்கிற வயது வந்ததும் நடுவில் இடைவெளி விழுந்துவிடுகிறது.