பெயரைக் கடித்த பெருச்சாளி

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் பூவாயி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்தாள். படக்கதை வரைவதுதான் அவள் வேலை. காய்ந்த பாக்கு மட்டையின் வழவழப்பான உள்பக்கத்தில் கட்டம் போடுவாள். தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்ளை நாவல் பழச் சாற்றில் தோய்த்து, கட்டத்துக்கு ஒரு படம் வரைவாள்.

அவள் கதையின் நாயகன் ஒரு நண்டு. உலகத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய நண்டு. பக்கவாட்டிலேயே நடப்பதால், போக நினைத்த இடத்துக்கு அது ஒருமுறைகூடப் போய்ச் சேர்ந்ததில்லை. கடலுக்குக் கிளம்பினால் கரும்புத் தோட்டத்தில் போய் நிற்கும். மலைக்குக் கிளம்பினால் குரங்கு வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொரு பௌர்ணமி மாலையும் பூவாயி புதுக் கதையை மருத மரக் கிளைகளில் வரிசையாகத் தொங்கவிடுவாள். காடே திரண்டு வந்து பார்த்துச் சிரிக்கும். எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, ஆசைப்பட்டுக் கேட்கும் குழந்தைகளுக்கு மட்டைகளைக் கொடுத்துவிடுவாள். கீழ் ஓரத்தில் அந்தக் குழந்தையின் பெயரை எழுதித்தான் கொடுப்பாள்.

ஒருநாள் குழியப்பன் என்ற பெருச்சாளி அவளிடம் வந்தான். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

"அக்கா, என் மகள் செல்லக்கிளி காய்ச்சலில் படுத்திருக்கிறாள். கண்ணைத் திறந்தால் நண்டு, நண்டு என்கிறாள். அவளுக்கென்று ஒரு படம் வரைந்து தர முடியுமா?"

பூவாயிக்கு மனசு இளகிவிட்டது. மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு வரைந்தாள். நண்டு முதுகில் கஞ்சிப் பானையைச் சுமந்துகொண்டு போகிறது. வழியெல்லாம் கஞ்சி சிந்துகிறது. பின்னால் எறும்புகள் வாயைத் திறந்துகொண்டு ஓடுகின்றன. அடியில், "செல்லக்கிளிக்கு, கஞ்சி வந்துகொண்டே இருக்கிறது, சீக்கிரம் எழுந்திரு" என்று எழுதினாள். அதுவரை அவள் வரைந்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. குழியப்பன் கும்பிட்டுவிட்டு வாங்கிப் போனான்.

கொஞ்ச நாள் கழித்து, குளத்தில் தண்ணீர் குடிக்க வந்த கிழக் கரடி பூவாயியைப் பார்த்துச் சிரித்தது.

"தாயி, என் குகைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போ. உன் படம் ஒன்றை வெயில் படாத இடமாகப் பார்த்து மாட்டியிருக்கிறேன்."

பூவாயி சந்தோஷமாகப் போனாள். குகைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். சுவரில் கஞ்சிப் பானை நண்டு இருந்தது. அடியில் பெயர் இல்லை. அந்த ஓரத்தை யாரோ பல்லால் கடித்து எடுத்திருந்தார்கள். பெயரோடு சேர்ந்து நண்டின் ஒரு காலும் போயிருந்தது.

"பெரியவரே, இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

"குழியப்பனிடம் வாங்கினேன். ஒரு தேனடையை அப்படியே கொடுத்தேன். என்ன தாயி, முகம் வாடிவிட்டதே?"

பூவாயி நடந்ததைச் சொன்னாள். கரடி தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இது தெரியாது. நீயே எடுத்துக்கொண்டு போ" என்றது.

"வேண்டாம் பெரியவரே. ஆசைப்பட்டு மாட்டியிருக்கிறீர்கள். இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் நேராகக் குழியப்பனின் வளைக்குப் போனாள்.

வளை வாசலில் குழியப்பன் மீசையில் ஒட்டியிருந்த தேனை நக்கிக்கொண்டிருந்தான்.

"செல்லக்கிளிக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள் பூவாயி.

குழியப்பன் ஒரு நொடி விழித்தான். பிறகு சிரித்தான். "ஓ, தெரிந்துவிட்டதா? சரி. நீ கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டேன். என் கைக்கு வந்த பிறகு அது என் பொருள். என் பொருளை நான் விற்றேன். இதில் உனக்கு என்ன நஷ்டம்? மட்டை சும்மா கிடக்கிறது. நாவல் பழம் தானாக விழுகிறது."

"நான் உனக்குக் கொடுக்கவில்லை. செல்லக்கிளிக்குக் கொடுத்தேன். அவள் எங்கே?"

"எனக்குக் குழந்தையே கிடையாது. நன்றி சொல்ல வேண்டியவள் நீ. நீ சும்மா கொடுத்துக்கொண்டிருந்த மட்டைக்கு ஒரு விலை உண்டு என்று காட்டியவன் நான்தான்."

பூவாயி திரும்பி நடந்தாள். முதுகு முட்கள் எல்லாம் சிலிர்த்து நிற்க, வீடு வந்து சேர்ந்தாள். இல்லாத ஒரு குழந்தைக்காகத் தான் கவலைப்பட்டதை நினைத்தபோதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அடுத்த பௌர்ணமிக்குக் கதை தொங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் குழந்தைகள் வந்து கேட்டபோது, "இனி யாருக்கும் கிடையாது" என்று பூவாயி எல்லா மட்டைகளையும் கழற்றி எடுத்துக்கொண்டாள். குழந்தைகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலையில் வெள்ளையம்மா என்ற முயல் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, நீங்கள் கோபமாக இருப்பது தெரியும். நானும் ஒரு மட்டையை விற்றிருக்கிறேன். மழைக்காலத்தில் வளைக்குள் வெள்ளம் வந்துவிட்டது. குட்டிகளுக்கு ஒரு கீரைத் தழைகூட இல்லை. நீங்கள் என் மூத்தவனுக்குக் கொடுத்த படத்தை ஆமைக்குக் கொடுத்துவிட்டு, கிழங்கு வாங்கினேன். அவன் அன்றைக்கு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டிவிடுங்கள்."

பூவாயி அவளைப் பார்த்தாள். திட்ட வாயே வரவில்லை. கோபம் இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். துளிகூட இல்லை.

"உன் பிள்ளையின் படம், உன் பிள்ளைகளின் பசிக்குப் போயிருக்கிறது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வெள்ளையம்மா. வாங்கிய ஆமையும் அதை ஆசையாகத்தான் வைத்திருப்பார்."

முயல் போன பிறகு பூவாயி வெகுநேரம் யோசித்தாள். மட்டை கை மாறியதில் தனக்குக் கோபம் இல்லை. பொய் சொல்லிக் கேட்டு வாங்கியதில்தான் கோபம். பொய் சொன்னவன் ஒருவன். வெறும் கையோடு திரும்பியவர்கள் அத்தனை குழந்தைகள்.

"அவன் ஒருத்தனுக்காக நான் ஏன் மாற வேண்டும்?" என்று வாய்விட்டே சொன்னாள். "பெயர் ஓரத்தில் இருந்தது, அதனால் கடிக்க முடிந்தது. இனி கடிக்க முடியாத இடத்தில் வைக்கிறேன்."

அன்றே காடு முழுவதும் சொல்லி அனுப்பினாள். படம் வேண்டும் என்கிற குழந்தை நேரில் வர வேண்டும். எதிரில் உட்கார வேண்டும். அந்தக் குழந்தையையே நண்டுக் கதைக்குள் வரைந்து தருவாள்.

இதைக் கேட்டதும் குழியப்பன் மீசையைத் தடவினான். பக்கத்துக் காட்டு நரி அவனிடம் ஒரு நண்டுப் படம் கேட்டிருந்தது. கூடை நிறைய நிலக்கடலை தருவதாகவும் சொல்லியிருந்தது. அவன் மின்னி என்ற அணில் குட்டியைத் தேடிப் பிடித்தான்.

"இன்றைக்கு ஒருநாள் என்னை அப்பா என்று கூப்பிடு. உனக்கு ஒரு கை கடலை தருகிறேன்."

மின்னிக்குக் கடலை பிடிக்கும். சரி என்றாள்.

இருவரும் மருத மரத்தடிக்கு வந்தார்கள். அங்கே ஏற்கெனவே பெரிய கூட்டம்.

"இவள் என் மகள்" என்றான் குழியப்பன்.

"முதுகில் கோடு இருக்கிறதே?" என்றாள் பூவாயி.

"அவள் அம்மா ஜாடை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூவாயி சிரிக்கவில்லை. மின்னியை எதிரில் உட்கார வைத்தாள்.

"நண்டைப் பார்த்தால் நீ என்ன செய்வாய், கண்ணு?"

"அது முதுகில் ஏறிக்கொண்டு, நேராகப் போ, நேராகப் போ என்று கொடுக்கைப் பிடித்துத் திருப்புவேன்."

பூவாயி அப்படியே வரைந்தாள். மட்டையின் நட்ட நடுவில் நண்டு. அதன் முதுகில் மின்னி. மூன்று கோடுகள், கடலை அடைத்த ஒரு கன்னம், பாதி உடைந்த முன்பல், எல்லாம் இருந்தன. வரைந்து முடித்ததும் குழியப்பன் கையை நீட்டினான். பூவாயி அவனைத் தாண்டி, மட்டையைக் குட்டியின் கையிலேயே கொடுத்தாள்.

மின்னி படத்தைப் பார்த்தாள். பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"கொடு, போகலாம்" என்றான் குழியப்பன்.

"இது நான்" என்றாள் மின்னி.

"கடலை தந்தேன் இல்லையா?"

மின்னி கன்னத்தில் மிச்சமிருந்த கடலையைத் துப்பி அவன் முன்னால் வைத்தாள். மட்டையை வாயில் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறினாள். குழியப்பன் அடிமரத்தைச் சுரண்டிப் பார்த்தான். அவனுக்கு ஏறத் தெரியாது.

ஆத்திரத்தில் திரும்பி, பூவாயியைப் பார்த்துக் கத்தினான்: "அவளிடமிருந்து பிடுங்கிக் கொடு. அவள் என் மகளே இல்லை. கடலை கொடுத்துக் கூட்டி வந்தவள்!"

சொல்லி முடித்த பிறகுதான் சுற்றிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"உன் மகள் இல்லை என்றால், படம் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது" என்றாள் பூவாயி.

அதன் பிறகு குழியப்பன் அந்தப் பக்கம் வருவதில்லை. அவன் சொல்லும் எதையும் நம்பி யாரும் எதுவும் வாங்குவதும் இல்லை. பழையபடி கிழங்கு தோண்டித் தின்கிறான்.

பூவாயிக்குத்தான் வேலை கூடிவிட்டது. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து வரைய நேரம் பிடித்தது. விரல்கள் வலித்தன. வரிசையோ குளத்தைச் சுற்றி நின்றது. அவள் விரல்களை நீவிவிட்டுக்கொண்டு, முள்ளைச் சாற்றில் தோய்த்து, "அடுத்தது யார்? வா கண்ணு, உட்கார்" என்றாள்.

அன்பாகக் கொடுத்ததை ஒருவன் ஏமாற்றி விற்றான் என்பதற்காகக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. கொடுப்பது உரியவரிடமே போய்ச் சேரும்படி கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.